பனிக்கு அஞ்சாத கரும்பைத் தந்த வெங்கட்ராமன்

மார்கழி பிறந்தால் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை விலை ஏறும். ஆனால், அந்த விலையால் உங்களில் பலருக்குப் பெரிய லாபம் கிடைப்பதில்லை. விலை இருக்கும் நாளில் உங்கள் தோட்டத்தில் பறிக்கப் பூ இருக்காது. நம் பகுதியில் மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சிறு குளிருக்கே மல்லிகை அரும்பு கட்டத் தயங்குகிறது.

இப்போது பஞ்சாபை நினைத்துப் பாருங்கள். அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். சில நாள் விடியற்காலையில் வயலில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கரும்போ வெயிலிலும் ஈரத்திலும் செழிக்கும் வெப்பநாட்டுப் பயிர். அந்தப் பயிரை உறைபனி விழும் நாட்டில் லட்சக்கணக்கான ஏக்கரில் எப்படி வளர்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், கோயம்புத்தூரில் 30 ஆண்டுகள் கரும்போடு வாழ்ந்த ஒரு தமிழரின் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

வடக்கே மெலிந்த கரும்பு, தெற்கே தடித்த கரும்பு

வெங்கட்ராமன் 1884-ம் ஆண்டு பிறந்தார். தாவரவியல் படித்து, அன்றைய சென்னை மாகாண வேளாண் துறையில் பணியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நாட்டில் இரண்டு வகைக் கரும்புகள் இருந்தன. தென்னாட்டில் பயிரானவை தடித்த, சாறு மிகுந்த, மென்மையான கரும்புகள். 'வெள்ளை' என்ற ரகம் அவற்றில் ஒன்று. வட நாட்டில் பயிரானவை விரல் தடிமனே உள்ள மெலிந்த கரும்புகள். பஞ்சாபில் பயிரான 'கதா' அந்த வகை. அவை குளிரைத் தாங்கும். விளைச்சலோ மிகக் குறைவு.

நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும் பகுதி வடக்கேதான் இருந்தது. அதனால் பரப்பு பெரிதாக இருந்தும் சர்க்கரை போதவில்லை. ஜாவா தீவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அந்த விலையோடு போட்டி போட முடியாமல் இங்கே வெல்லம் காய்ச்சும் விவசாயி நொந்துபோனார். தென்னாட்டுத் தடித்த கரும்பை வடக்கே கொண்டுபோய் நட்டால் குளிர் காலத்தில் அது பட்டுப்போகும். ஆகவே, விளைச்சலும் குளிர் தாங்கும் திறனும் ஒரே கரும்பில் சேர்ந்தால் ஒழிய வழியில்லை என்ற நிலை. மதன் மோகன் மாளவியா போன்ற தலைவர்கள் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலைக் காக்க அரசை வற்புறுத்தினார்கள். அதன் விளைவாக 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது.

ஏன் கோயம்புத்தூர்?

வடக்கு விவசாயிக்குக் கரும்பு வேண்டும் என்றால் நிலையத்தை வடக்கேதானே வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். இதற்கும் குளிர்தான் காரணம்.

நீங்கள் கரும்பைக் கரணை வைத்து நடுகிறீர்கள். கரணையிலிருந்து வருவது தாய்க் கரும்பின் அச்சு அசல். புது ரகம் வேண்டுமானால் இரண்டு கரும்புகள் பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை பிடிக்க வேண்டும். கரும்புக்கு முளைக்கும் விதையே கிடையாது என்றுதான் 19-ம் நூற்றாண்டில் வெகுகாலம் பலரும் நம்பியிருந்தார்கள். ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் 1880-களின் இறுதியில்தான் அந்த நம்பிக்கை உடைந்தது. கரும்பு பூக்கும் பருவத்தில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மகரந்தம் மலடாகிவிடும். வடக்கே கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் குளிரில் விதை பிடிக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோயம்புத்தூரில் கரும்பு தாராளமாகப் பூத்தது, விதையும் பிடித்தது.

கரும்பு பூ எடுத்தால் உங்களுக்குக் கவலை. தண்டு நெட்டி விழும், எடை குறையும். ஆனால் நீங்கள் வெறுக்கும் அந்தப் பூவுக்காகவே கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்பர்ட் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். இந்தியக் கரும்புகளை வகைப்படுத்தியவர் அவர். வட இந்திய மெல்லிய கரும்புக்கு அவர் பெயரையே பின்னாளில் அறிவியல் பெயராக வைத்தார்கள். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தபோது வெங்கட்ராமனுக்கு வயது 28.

நாணலைத் தேடிப் போன கரும்பு

நம் ஓடைக் கரையிலும் ஆற்றுப் படுகையிலும் வெள்ளைக் கொண்டையோடு ஆடும் நாணலைப் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் அதைப் பேய்க்கரும்பு என்பார்கள். அது கரும்பின் காட்டு உறவு. இனிப்பு இல்லை, சாறு இல்லை, தண்டு குச்சி போல இருக்கும். வயலுக்குள் வந்துவிட்டால் களை. வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் வெப்பத்திலும் இமயமலை அடிவாரத்துக் குளிரிலும் அதே செடி வாழ்கிறது.

அந்தப் பிடிவாதத்தைக் கரும்புக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்பரும் வெங்கட்ராமனும் முயன்றார்கள். 'வெள்ளை' ரகத்தைத் தாயாகவும், கோயம்புத்தூரில் தானாக வளர்ந்த நாணலைத் தந்தையாகவும் வைத்து 1912-ல் ஒட்டுக் கட்டினார்கள். கேட்க எளிதாக இருக்கும். கரும்புப் பூக்கதிரில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆண் உறுப்பைக் கையால் கிள்ளி எடுப்பது நடைமுறையில் முடியாத காரியம். ஆகவே மகரந்தம் மலடாக உள்ள ரகங்களைத் தாயாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மகரந்தத்தில் அயோடின் கரைசலை விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகும். மலட்டு மகரந்தம் நிறம் மாறாது.

விதை பிடித்த கதிரைப் பஞ்சு போல உதிர்த்து, சட்டியில் விதைத்து, புல் போல முளைக்கும் நாற்றைப் பிரித்து நட வேண்டும். ஒரே கதிரில் பிறந்த நாற்றுகளில் ஒன்று போல மற்றொன்று இருக்காது. பெரும்பாலானவை உதவாதவை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படித் தேறிய ஒன்றுதான் 'கோ 205'. இதில் 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். கரும்பையும் காட்டு நாணலையும் சேர்த்து இந்தியாவில் உருவான முதல் வணிக ரகம் அது. 1918-ல் பஞ்சாப் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. கதா ரகத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு விளைந்தது. குளிரை மட்டுமல்ல, வறட்சியையும் தேங்கிய நீரையும் தாங்கியது.

குளிர் பயிரை எப்படிக் கொல்கிறது?

வெப்பமான கோயம்புத்தூரில் வளர்ந்த நாணல், பஞ்சாபின் உறைபனியைத் தாங்கும் பிள்ளையை எப்படிப் பெற்றது? இதைப் புரிந்துகொள்ள, குளிரில் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் உறைநிலைக்கு மேலே உள்ள குளிர். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும்; நல்லெண்ணெய் இளகியே இருக்கும். செடியின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. வெப்பநாட்டுப் பயிர்களின் சவ்வு தேங்காய் எண்ணெய் போல, குளிரில் விறைத்துக் கசியத் தொடங்கும். வேர் நீரை இழுப்பது குறையும்; இலை உணவு தயாரிப்பதும் குறையும். குளிர் தாங்கும் செடிகள் சவ்வில் உள்ள கொழுப்பின் தன்மையை மாற்றி, நல்லெண்ணெய் போல இளக்கமாக வைத்துக்கொள்கின்றன.

அடுத்தது உறைபனி. பனிக்கட்டி முதலில் செல்லுக்குள் உருவாவதில்லை. செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அதாவது, உறைபனியில் சாகும் செடி பெரும்பாலும் தண்ணீரை இழந்தே சாகிறது. இதைத் தாங்கும் செடி, குளிர் மெல்ல மெல்லக் கூடும்போதே சர்க்கரை, புரோலின் போன்ற பொருட்களையும் சிலவகைப் புரதங்களையும் செல்லுக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். அவை நீரைப் பிடித்துவைக்கும், சவ்வைக் காக்கும். இப்படிப் பழகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். அதனால்தான் படிப்படியாக வரும் குளிரைவிடத் திடீரென்று ஓர் இரவில் வரும் குளிர் அதிகம் கொல்கிறது.

கரிசல் காட்டு விவசாயியான நீங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வறட்சியும் உறைபனியும் செடிக்குச் செய்யும் கொடுமை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே செல்லை உலர்த்துகின்றன. ஆகவே வறட்சியைத் தாங்கப் பழகிய செடியிடம், உறைபனியைத் தாங்கும் ஆயுதங்களில் சிலவும் இருக்கும். அதோடு நாணலின் கிழங்கு மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே இலை கருகினாலும் கீழே மொட்டு பிழைத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் நாணலின் இந்தக் குணங்கள்தாம் பஞ்சாபில் பயன்பட்டன.

கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்கா வரை

1919-ல் பார்பர் ஓய்வுபெற்றார். நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 35. அடுத்த 23 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கோ 205 போதும் என்று அவர் நிற்கவில்லை. அதன் தண்டு மெலிந்தது, கடினமானது. அதனால் தடித்த கரும்பு, நாணல், வட இந்திய மெல்லிய கரும்பு ஆகிய மூன்றின் குணங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் வழியில் இறங்கினார். முதலாவது சர்க்கரை தரும். இரண்டாவது உறுதி தரும். மூன்றாவது வடக்கின் பருவத்தை அறிந்தது. கோ 213 பிகாரில் பரவியது. கோ 312 பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெயர் பெற்றது. கோ 281, கோ 290 ஆகியவை கடல் கடந்து போயின. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கரும்பு அறுவடைக்கு முன்பே உறைபனி வந்துவிடுவது உண்டு. அங்கே இந்த ரகங்களை நட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் கோ 281 பரவலாகப் பயிரானது. தமிழ்நாட்டு ஊரின் பெயரைத் தாங்கிய கரும்பு, தமிழ் தெரியாத விவசாயிகளின் வயல்களில் நின்றது.

1932-ல் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது நாட்டில் சுமார் 30 சர்க்கரை ஆலைகள் இருந்தன. சில ஆண்டுகளிலேயே அவை 130-ஐத் தாண்டின. ஜாவா சர்க்கரையின் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. சட்டம் மட்டும் இதைச் செய்திருக்காது. அரைப்பதற்குக் கரும்பு வேண்டும். அந்தக் கரும்பு கோயம்புத்தூரிலிருந்து போயிருந்தது.

தென்னாட்டையும் அவர் மறக்கவில்லை. ஜாவாவின் புகழ்பெற்ற ரகம் ஒன்றையும் கோ 290-ஐயும் சேர்த்து உருவான கோ 419, 1930-களில் வெளிவந்தது. தென் மாநிலங்களில் பல பத்தாண்டுகள் அதுதான் கரும்பு. உங்கள் தாத்தா கரும்பு போட்டவர் என்றால், அவர் நட்டது பெரும்பாலும் கோ 419 ஆகத்தான் இருக்கும்.

குறுகிய காலத்தில் விளையும் கரும்பு வேண்டும் என்று சோளத்தோடும் கரும்பை ஒட்டுக் கட்டினார். மூங்கிலோடும் முயன்று பார்த்தார். அவை வயலுக்கு வரவில்லை. ஆனால் உலகத் தாவரவியலாளர்களின் கவனத்தை ஈர்த்தன. தாவர மரபணுவியலில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஜானகி அம்மாள் 1930-களில் இந்த நிலையத்தில் பணியாற்றி, கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்.

வெற்றியே தந்த ஆபத்து

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. கோ 213 நன்றாக விளைந்ததால் பிகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் விவசாயிகள் அதையே நட்டார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே ரகம். 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோய் அந்த ரகத்தைத் தாக்கியது. கரணை வழியாகவே பரவும் நோய் அது. வயல் வயலாகக் கரும்பு காய்ந்தது. குளிரை வென்ற கரும்பு பூஞ்சாணத்திடம் தோற்றது. அதன் பிறகுதான் கோயம்புத்தூரில் செவ்வழுகலைத் தாங்கும் திறனும் தேர்வின் முக்கிய விதியானது.

பாடம் மறந்துபோகவும் செய்கிறது. கோயம்புத்தூர் நிறுவனத்தின் கர்னால் மண்டல மையத்தில் உருவான கோ 0238 ரகம் கடந்த பத்தாண்டுகளில் உத்தரப் பிரதேசம் முழுவதும் பரவியது. விளைச்சலும் சர்க்கரையும் அபாரம். இப்போது அதே செவ்வழுகல் அதையும் தாக்கி, விவசாயிகள் மாற்று ரகம் தேடுகிறார்கள். தமிழ்நாட்டில் நாமும் கோ 86032 என்ற ஒரே ரகத்தை நம்பிப் பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

கிராமத்தைப் பேசிய விஞ்ஞானி

1937-ல் ஹைதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைமை வகித்தார். தம் துறையான கரும்பைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவர் தலைமையுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம்: அதன் நேற்று, இன்று, நாளை. ராவ் பகதூர், சர் பட்டங்களை ஆங்கில அரசு அளித்தது. 1942-ல் ஓய்வுபெற்றார். சுதந்திர இந்தியா 1956-ல் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1963 ஜனவரியில் தமது 78-வது வயதில் காலமானார். அது தை மாதம். வடக்கே அவரது கரும்பின் வழி வந்த பயிர்கள் பனியில் நின்றுகொண்டிருந்த நேரம்.

இன்று உலகில் பயிராகும் கரும்பு ரகங்கள் அனேகமாக எல்லாவற்றிலும் நாணலின் இரத்தம் ஓடுகிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கம் நீங்கள் நடும் கரும்பிலும் அது உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

நமக்கு உறைபனி இல்லை. ஆனால் குளிரின் விளைவு உண்டு. வெங்கட்ராமனின் வாழ்க்கையிலிருந்து நம் வயலுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

1. டிசம்பர், ஜனவரி முன்பட்டத்தில் கரும்பு நடுவோர், 6 முதல் 8 மாத வயதுள்ள நாற்றங்கால் பயிரிலிருந்து அன்றே வெட்டிய கரணையை நடுங்கள். குளிரில் முளைப்பு மெதுவாகும். முதிர்ந்த கரணை மேலும் தாமதிக்கும். நிழல்வலைக் கூடத்தில் ஒருபரு நாற்று வளர்த்து நடுவதும் நல்லது.

2. மறுதாம்புக் கரும்பில் தோகையை எரிக்காதீர்கள். வரிசைக்கு இடையே பரப்புங்கள். மண்ணின் வெப்பம் இரவில் சட்டென்று இறங்காது, ஈரமும் நிற்கும்.

3. சாம்பல் சத்தை மண் பரிசோதனைப்படி குறையாமல் இடுங்கள். செல் நீரைப் பிடித்துவைக்க அது தேவை. வறட்சிக்கும் குளிருக்கும் இரண்டுக்கும் உதவும்.

4. மல்லிகை ஓய்வெடுக்கும் காலத்தை எதிர்த்துப் போராடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, தொழு உரமிட்டால், வெயில் திரும்பும்போது புதுக் கிளையில் அரும்பு நிறையக் கட்டும்.

5. எல்லா நிலத்திலும் ஒரே கரும்பு ரகத்தை நடாதீர்கள். ஒரு பகுதியிலாவது கரும்பு அலுவலர் பரிந்துரைக்கும் வேறு ரகத்தைப் போடுங்கள். கரணை வெட்டும்போது உட்புறம் சிவந்து, இடையிடையே வெண்திட்டு தெரிந்து, சாராய வாடை அடித்தால் அந்தக் கரும்பை விதைக்கு எடுக்கவே கூடாது.

6. ஓடைக் கரையில் நிற்கும் நாணலை, வயலுக்குள் வராதவரை, விட்டுவையுங்கள். கரையையும் அது காக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது ரகம் ஒன்றை விவசாயியிடம் கொண்டுபோகும்போது அதன் விளைச்சலை மட்டும் சொல்லாதீர்கள். அது எந்தக் குளிரில், எந்த வறட்சியில், எந்த நோயில் சோதிக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். கண்ணூரில் உள்ள கரும்பு மரபு வளச் சேகரிப்பில் ஆயிரக்கணக்கான கரும்பு வகைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அடுத்த கோ 205-க்கான தந்தை அங்கே இருக்கலாம். உங்கள் ஊர் ஓடைக் கரையிலும் இருக்கலாம்.